ஒன்பதாவது ஃபிரெட்

"உந்தக் கிட்டாரை இன்னும் ராவினியெண்டால் அடுப்புக்குத்தான் உதவும், பிள்ளை."

மாமி தில்லைநாயகி சொன்னதை அஜந்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பி கழற்றிய கிட்டார் குசினி மேசையில் கிடந்தது. பிடியின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃபிரெட்டுகளின் தலைகளில் மார்க்கரால் கறுப்புப் பூசினாள். ரூ பெர்தொனே வீதி நகைக்கடையில் எறியவிருந்த தடித்த கண்ணாடித் துண்டைக் கெஞ்சி வாங்கி, அடியில் அரத்தாள் ஒட்டியிருந்தாள். அதுதான் அவளுடைய பட்டறை.

"திருத்துற கடையிலை குடுத்துப் பாரன்."

"அவன் கேக்கிற காசுக்குப் புதுசே வாங்கலாம், மாமி. ரெண்டுக்கும் என்னட்டை வழியில்லை."

"உந்த இரைச்சலோடை மேடைக்கு வரவேண்டாமெண்டு கச்சேரி நடத்திற இராதாகிருஷ்ணன் சொன்னவரெல்லே?"

"ஞாயிற்றுக்கிழமை ஏறித்தான் தீருவன். சென் தெனி மண்டபம் அவருக்கு வந்த சீதனமே?"

வீறாப்பாகத்தான் சொன்னாள். முதல் சம்பளத்தில் பெட்டி பிரிக்காத புதுசாக வாங்கிய கிட்டார். ஒரு ஃபிரெட் கூடுதலாகத் தேய்ந்தாலும் கிட்டாரும் போச்சு, மேடையும் போச்சு. இருந்தாலும் கண்ணாடியை வைத்து மேலும் கீழும் தேய்த்தாள். மேடான இடங்களில் கறுப்பு அழிந்தது. பள்ளங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. கம்பி இரைந்தது அந்தப் பள்ளங்களால்தான்.

மாமி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அஜந்தா மருமகளாக வந்த நாளிலிருந்து இதே கதைதான். பாட்டும் கூத்தும் வேலையில்லாதவர்களுக்கு என்பாள். இன்றைக்கென்று பார்த்து நகரவே மாட்டேன் என்கிறாள்.

"அந்த மேல்பக்கத்தையும் வடிவாப் பார்."

"அங்கை நான் கை வைக்கிறதே இல்லை, மாமி. கீழை மூண்டு ஃபிரெட்டிலைதான் என்ரை வாசிப்பெல்லாம். மேலை தேஞ்சிருக்காது."

"பாரன்."

பார்த்தாள். ஏழாவதிலும் ஒன்பதாவதிலும் கறுப்பு நீளமாக அப்படியே கிடந்தது. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து வாசித்தால்தான் இப்படித் தேயும்.

"பழசைப் புதுசெண்டு தந்திட்டான் கள்ளன்," என்று கடைக்காரனைத் திட்டினாள். மாமி மேசையில் கிடந்த தூளைத் துடைக்கத் தொடங்கினாள்.

பள்ளங்கள் மறையும்வரை தேய்த்தாள். தட்டையாகிப்போன தலைகளைச் சின்ன அரத்தால் ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தாள். தோள் விட்டுப்போனது, அவள் விடவில்லை. கம்பிகளை மாட்டிச் சுருதி சேர்த்து நிமிர்ந்தபோது, மாமி கிட்டாரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அதை வீணைபோல் மடியில் கிடத்தி, ஒன்பதாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தி இழுத்தாள். கமகம் இரைச்சலே இல்லாமல் எழுந்தது.

"நீ வேலைக்குப் போனாப்பிறகு இவ்வளவு காலமும் அந்த இரைச்சலோடை நானெல்லே மல்லுக்கட்டினனான்," என்றாள் மாமி. "ஞாயிற்றுக்கிழமை மாறி மாறி வாசிப்பம். இராதாகிருஷ்ணனிட்டைச் சொல்லு, மேடையிலை உன்ரை கதிரைக்குப் பக்கத்திலை எனக்கொரு பாயும் போடட்டாம்."