மாடிப்படி இல்லாத வீடு

"அம்மா, மேல நீளமா விரிசல் ஓடுது. இந்த ஐப்பசி மழையைத் தாங்காது. தார் ஊத்திடலாமா?"

மொட்டை மாடியிலிருந்து வந்த குரலைக் கேட்டதும், ரெஜினா வீட்டு கேட்டைத் திறந்த கண்ணகி அப்படியே நின்றுவிட்டாள். அதே ஆள்.

"ஊத்திடலாம்ப்பா. சுத்தியும் நல்லாப் பார்த்துச் சொல்லு" என்றாள் ரெஜினா, அவன் ஏறிப்போன ஏணியைப் பிடித்தபடி. வீட்டுக்காரர் ரிட்டையர் ஆன கையோடு கட்டிய வீடு. மாடிப்படி அப்புறம் பார்க்கலாம் என்று விட்டதோடு சரி.

போன வருஷம் மழைக்கு முன்னால், 'சிவில்ல இருந்து வர்றோம்' என்று இவன்தான் பக்கத்துத் தெருவில் கண்ணகி வீட்டுக்கு வந்தான். கம்பெனி குவார்ட்டர்ஸில் காலமெல்லாம் இருந்த பழக்கம். மழைக்காலம் வந்தால் டவுன்ஷிப்பில் கட்டடங்களைப் பராமரிக்கும் சிவில் பிரிவு ஆட்கள் தானாகவே வந்து மேல்தளம் பார்ப்பார்கள். இப்போது இருப்பது சொந்த வீடு, சிவில் எதற்கு வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்டதைக் கொடுத்தாள். தார் என்று சொல்லிக் கறுப்புப் பெயிண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டான். முதல் மழையிலேயே கட்டில் நனைந்தது.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகன் நெடுமாறனுக்குத் தெரிந்தால், தனியாக இருந்தது போதும் என்று வீட்டைப் பூட்டி ஓசூருக்கு அழைத்துப்போய்விடுவான்.

ஆனால் ரெஜினா அக்காவும் ஏமாறுவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது?

கிட்டே போய்க் காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "காசு எதுவும் குடுத்துடாதீங்கக்கா. நான் சொன்னது என் பையனுக்கு மட்டும் தெரிய வேணாம்."

ரெஜினா ஏணியை ஓசைப்படாமல் சாய்த்து, இழுத்துப்போய் மதில் ஓரம் படுக்க வைத்தாள்.

"அம்மா, ஏணியைக் காணமே?" என்றது மேலிருந்து குரல்.

ரெஜினா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போன வருஷம் இவன் உன் வூட்டு மேல நின்னதைப் பார்த்தேன் கண்ணகி. மழை விட்டதும் நீ மெத்தையைக் காயப் போட்டுகினு இருந்தே. அப்பவே விஷயம் புரிஞ்சிருச்சு. என் மாடியில ஒரு கீறல்கூட இல்லன்னு நேத்துதான் மேஸ்திரி ஏறிப் பார்த்துச் சொன்னாரு. அப்புறம்தான் இவனைத் தேடிப்புடிச்சு நானே கூட்டியாந்தேன். போலீசு வந்துகினு இருக்குது. புகார் என் பேருல. உன் பேரு எங்கயும் வராது."