வெளியூர்ப் பார்ட்டி

பத்திர எழுத்தரின் தகரக் கொட்டகையில் ஆணித் துளைகள் வழியே உச்சிவெயில் இறங்கி, மேசைமேல் விரிந்த பத்திரத்தில் புள்ளி வைக்கிறது. மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தையே அதிகம் தருகிறது. பெஞ்சின் ஒரு முனையில் நிலத்தை விற்கும் தர்மாம்பாள், மறுமுனையில் வாங்க வந்திருக்கும் துரைராசு, நடுவில் காலை அகட்டிக்கொண்டு தரகர் ராஜாங்கம். விலை படியும்வரை இருவரும் சந்திக்கவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ‘வெளியூர்ப் பார்ட்டி’ என்று இரண்டு மாதமாகச் சொல்லிவந்தவர் இன்று யாரைக் கூட்டிவந்திருக்கிறார் என்று பார்த்ததிலிருந்து, தர்மாம்பாளின் வாயில் வெற்றிலை மெல்லாமல் கிடக்கிறது. “அலையா அலைஞ்சு புடிச்ச பார்ட்டிம்மா. செருப்பே தேஞ்சுபோச்சு. ரெண்டு பர்சன்ட் கமிஷனை மூஞ்சி சுளிக்காம குடுத்துடுங்க” என்கிறார் ராஜாங்கம். எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான்கு எல்லைகளையும் உரக்கப் படிக்கிறார்: “கிழக்கே குடமுருட்டி வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை, மேற்கே கோயில் நிலம், வடக்கே துரைராசு நஞ்சை.” தர்மாம்பாள் வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, தரகருக்கு நேர் எதிரே நிற்கிறாள். “ஏன் புரோக்கரே, ஒரு வரப்பைத் தாண்டுறதுக்கா செருப்பு தேஞ்சுது? கழட்டிக் காட்டுங்க, பாப்போம்.” ராஜாங்கத்தின் கால்கள் மெல்லப் பெஞ்சுக்கு அடியில் போகின்றன.