கஸ்டம்ஸ் பாலகுரு

பார்சலைக் கையில் வாங்கியதுமே விஜயபாஸ்கருக்குத் தெரிந்துவிட்டது. மனைவி உமாராணி ஒட்டிய டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது.

"அண்ணே, இதைப் பிரிச்சீங்களா?"

"பிரிச்சுப் பார்த்தாச்சு," என்றார் பாலகுரு. லீவு முடிந்து அன்று காலைதான் திருச்சியிலிருந்து ஷார்ஜா வந்து இறங்கியிருந்தார். பெட்டியை இன்னும் கட்டிலுக்கடியில்கூடத் தள்ளவில்லை.

"பிரிக்கக் கூடாதுன்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி."

ஷார்ஜா முவைலாவில் அந்தத் தொழிலாளர் கேம்ப் முழுக்க அவருக்குக் 'கஸ்டம்ஸ்' என்றுதான் பெயர். லீவுக்குப் போகிறவர் திரும்பும்போது ரூமில் உள்ளவர்களின் வீட்டுப் பொட்டலங்களைச் சுமந்து வருவது வழக்கம். மற்றவர்கள் கொடுத்ததை வாங்கிப் பெட்டியில் அடுக்குவதோடு சரி. பாலகுருவுக்கு மட்டும் ஒவ்வொன்றும் பிரிபட வேண்டும், மறுபடி கட்டுப்பட வேண்டும். கொண்டுவரக் கூடாத பொருட்களின் பட்டியலை லேமினேட் செய்து பாஸ்போர்ட்டோடு வைத்திருந்தார்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கிற கசகசா இந்த நாட்டில் போதைப்பொருள். அபினும் கசகசாவும் ஒரே செடியில் பிறந்தவை. அண்ணன்தான் போக்கிரி, தம்பி சாது என்று விமான நிலையத்தில் வாதாட முடியாது. அம்மா கொடுத்தனுப்பிய மசாலாப் பொடியால் கம்பி எண்ணப் போனவனின் கதை எல்லா கேம்பிலும் ஒன்று உண்டு. போனவனின் பெயர்தான் கேம்புக்குக் கேம்ப் மாறும்.

ஆனால் விஜயபாஸ்கர் மனைவியிடம் தீர விசாரித்திருந்தான். கசகசா இல்லை, மாத்திரை இல்லை. அதிரசம், நெத்திலிக் கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி. எல்லாவற்றுக்கும் அடியில் உமாராணியின் பழைய பருத்திச் சேலை ஒன்று. ஊருக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆனவன், போர்த்திக்கொள்ள வேண்டும் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கியது. பிரிக்க வேண்டாம் என்று அவன் சொன்னது அதற்காகத்தான்.

அந்தச் சேலையையும் இவர் உதறிப் பார்த்திருப்பார் என்று நினைத்ததும் அவனுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"என் பொண்டாட்டி என்ன அபின் கடத்துறவளா? அடுத்தவன் வீட்டுத் துணியை எடுத்துப் பார்க்கிறதுக்குப் பேரு ரூல்ஸா?"

ரூமில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் பாலகுருவுக்காக வாய் திறக்கவில்லை. மாறாக பழனிச்சாமி, போன வருஷம் தன் தாயார் அனுப்பிய முறுக்கைக்கூட இந்த மனுஷன் மோந்து பார்த்துத்தான் கொண்டுவந்தார் என்று எடுத்துக் கொடுத்தார். பாலகுரு லேமினேட் அட்டையை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப உள்ளே வைத்தார்.

ஐந்து பேரும் சேர்ந்து ரூம் ஒதுக்குகிற கேம்ப் பாஸ் சேதுமாதவனிடம் போனார்கள். ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் நாங்கள் என்றார்கள். ஐந்து பெரிதா ஒன்று பெரிதா என்று முடிவு செய்ய சேதுமாதவனுக்கு ஒரு சாயா குடிக்கிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. கடைசி பில்டிங்கில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அந்த ரூமில் மற்ற எல்லாரும் நேபாளிகள். தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது.

பாலகுரு கட்டிலுக்கடியில் தள்ளாத பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "ஊறுகாயை முதல்ல வெளிய எடுத்து வை தம்பி. எண்ணெய் கசியும்," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் விஜயபாஸ்கர் அவரைப் பார்த்தான். மூலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் நேபாளிகள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று புரியாமலேயே அவரும் கொஞ்சம் சிரித்தார்.

ரூமுக்கு வந்து உமாராணியைக் கூப்பிட்டான். கஸ்டம்ஸைப் பெட்டியோடு கிளப்பிய வீரக் கதையைச் சொன்னான்.

"சேலையை அவர் தொடவே இல்லீங்க," என்றாள் அவள். "பார்சலைப் பிரிச்சதே நான்தான்."

மாமியாரைக் கூட்டிக்கொண்டு அறந்தாங்கியில் பாலகுருவின் வீட்டைத் தேடிப் போனதை அப்போதுதான் விவரமாகச் சொன்னாள். வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மனைவி இறந்து பதினோரு வருஷம், பிள்ளைகள் கிடையாது என்று எதிர் வீட்டில் சொன்னார்களாம். அவரே டீ போட்டுக் கொடுத்தார். கஸ்டம்ஸ் விஷயம், ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்மா என்றார். அதிரசத்தைக் காட்டினால், பாகை எந்தப் பதத்தில் இறக்கினாய் என்று கேட்டார். ஊறுகாயைக் காட்டினால், பாஸ்கருக்கு இவ்வளவு காரம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். சேலையின் ஓரம் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது வேண்டாம்மா, உள்ளேயே இருக்கட்டும் என்றார்.

விஜயபாஸ்கர் போனைக் காதில் அழுத்திக்கொண்டான்.

"எல்லாத்தையும் அடுக்கி டேப் ஒட்டிட்டுக் கிளம்புறோம். இன்னொரு வாட்டி முதல்லேருந்து எடுத்துக் காட்டுறியாம்மான்னு கேட்டாருங்க. கஸ்டம்ஸுக்கு இவ்வளவு பார்க்கணுமா அண்ணேன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"கஸ்டம்ஸுக்குப் பார்த்தாச்சும்மா, இது எனக்குன்னாரு."