மஞ்சள் கோடு

முதலிபாளையத்துச் சாயப்பட்டறையில், மூன்றாம் மிஷினுக்கு முன்னால், தேங்கியிருந்த நீலத் தண்ணீர் செருப்பில் படாமல் தரணீதரன் எட்ட நின்றான்.

இன்ஜினியராக வந்து நான்கு மாதம். அதற்குள் தன்னைத் தவிர அங்கே எல்லோரும் மண்டூகங்கள் என்று முடிவு கட்டியிருந்தான்.

அதில் முதலிடம் கன்னையனுக்கு. இருபத்திரண்டு வருட ஆபரேட்டர். நீராவி வால்வைப் போகும்போதும் வரும்போதும் ஸ்பேனரால் தட்டுவார், எருமையை ஓட்டுகிற மாதிரி.

போன வாரம் சூடு ஏறி இறங்கி, நான்கு நாள் துணி திட்டுத் திட்டாக வந்தது. வால்வை அடித்தே கெடுத்தது கன்னையன்தான் என்று இன்று காட்டிவிட்டால் சாயங்காலமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிடலாம். முதலாளியிடம் சொல்லியும் வைத்துவிட்டான்.

தண்ணீரில் இறங்காமல் எட்டியே, வால்வின் தண்டு நகர்வதை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தினான். நாற்பது சதவீதத்திலிருந்து லேப்டாப்பில் ஒவ்வொரு சதவீதமாகக் கூட்டி வால்வைத் திறக்கக் கட்டளை கொடுத்தான்.

நாற்பத்தொன்று. முள் அசையவில்லை.

நாற்பத்து மூன்று. நாற்பத்தைந்து. கல்லுப் பிள்ளையார்.

நாற்பத்தேழில் டக்கென்று ஒரே தாவு.

“ஏழு பர்சென்ட் ஒட்டிப் பிடிக்குது. அடிச்சு அடிச்சே கெடுத்துட்டீங்க” என்றான். இந்த மரமண்டைக்குச் சதவீதம் எங்கே புரியப்போகிறது என்று சிரிப்பும் வந்தது.

கன்னையன் தண்ணீருக்குள் இறங்கினார். குனிந்து, தண்டைச் சுற்றியிருந்த நட்டின் அழுக்கைக் கட்டைவிரலால் துடைத்தார்.

மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. பக்கத்தில் தரணீதரனின் கையெழுத்து.

போன மாதம், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட்டுக்கு வந்த நாள். ஆவி கசிகிற சத்தம் கேட்கக் கூடாதென்று, ஸ்பேனரில் பைப்பைச் சொருகி அவனே முறுக்கி, எவனும் இதைத் தொடக்கூடாது என்று கத்திவிட்டுப் போட்ட கோடு. தண்டை இறுக்கிப் பிடித்திருந்தது அந்த நட்டுதான்.

தரணீதரனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, கன்னையன் முன்னால் வெட்கப்படுவது எரிச்சலாக இருந்தது.

“நட்டைத் தொடக்கூடாதுன்னீங்க, தட்டியே ஓட்டுனேனுங்க. போன வாரம் நாலு நாளு நான் லீவுங்க, தட்ட ஆளில்லீங்க. லீவு சீட்டுல நீங்கதானுங்க சைன் பண்ணுனீங்க.”

சொல்லிவிட்டு, தண்ணீரில் நின்றபடியே ஸ்பேனரை நீட்டினார்.

அதை வாங்க, தரணீதரன் நீலத் தண்ணீருக்குள் காலை வைக்க வேண்டியிருந்தது.