படைக்குத் திரும்பாதவன்

திருப்பருத்திக்குன்றத்தில், உச்சி வெயிலில், வீட்டு வாசலில் வர்த்தமான் பைக் செயினுக்கு எண்ணெய் விடுகிறான். லீவில் காஞ்சிபுரம் வந்திருக்கும் ஹவில்தார் கிறிஸ்டோபர் எதிரே நின்றும் எழுந்திருக்கவில்லை. அணிவகுப்பில் எல்லார் முன்னாலும் அவர் உத்தரவை மறுத்துவிட்டு லீவில் வந்த சிப்பாய் அவன். தன் லீவு முடிந்தும் படைக்குத் திரும்பவில்லை. "நாளைக்கே கெளம்பு. மேல நான் பேசிக்கிறேன். இல்லன்னா கோர்ட் மார்ஷல்தான்பா." "அன்னிக்கு எங்கம்மாவ அசிங்கமா பேசினீங்களே சார், அதுக்கு?" உள்ளிருந்து அம்மா தயாவதி மோர் கொண்டுவருகிறாள். "குடிங்கப்பா. அங்க இவனுக்கு நீங்கதான் தொணைன்னு நெனச்சிக்கினு இருக்கேன்." டம்ளர் அவர் கையிலேயே நிற்கிறது. "மன்னிச்சிடுங்கம்மா." "எதுக்குப்பா?" அவர் தரையைப் பார்க்கிறார். வர்த்தமானின் விரல்களில் எண்ணெய் வழிகிறது. "சொல்லாம வந்துட்டார்ல, அதுக்குதாம்மா," என்கிறான்.