ஒரு கட்டம் தள்ளி

அன்று காலை அந்த வீட்டில் நாலாயிரம் ஜோடிச் செருப்புகள் வந்து இறங்கின. கணவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். நிறம் சரி, அளவு சரி, விலையும் சரி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

செருப்புகள் இறங்கியது கணினிக்குள்தான். ஒரு பெரிய செருப்புக் கடை தன் சரக்கின் பெயர், நிறம், அளவு, விலை, படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தினமும் அனுப்பும். அதற்கு ஃபீட் என்று பெயர். அதை வாங்கி அவன் தன் வெப்சைட்டில் அழகாக அடுக்கி வைப்பான். அங்கே பார்த்துவிட்டு யாராவது அந்தக் கடையில் வாங்கினால் இவனுக்குக் கமிஷன். நோகாமல் நுங்கு தின்னும் தொழில் என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டான்.

நோவு மட்டும்தான் கிடைத்தது. ஃபீட் தினமும் கோணலாக வரும். வெள்ளை ஷூவுக்குக் கறுப்பு என்று போட்டிருக்கும். அளவுக்கான எண் ஒரு கட்டம் தள்ளி விலையில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஏழாம் அளவு பூட்ஸின் விலை வெறும் ஏழு என்று அவன் வெப்சைட் அறிவித்த அன்று கூட்டம் அலைமோதியது. கடைக்குப் போய் உண்மை விலையைப் பார்த்தவர்கள், திரும்பி வந்து அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டி எழுதினார்கள். உட்கார்ந்து கையால் திருத்துவான். மறுநாள் புது ஃபீட் வந்து அத்தனையையும் அழித்துவிட்டுப் பழையபடி கோணலாக்கிவிடும்.

வேலை போன பிறகு அவனுக்கு இருந்த ஒரே நம்பிக்கை இந்த வெப்சைட்தான். அது நிமிரும்வரை வாடகைக்கும் பாலுக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் மனைவியின் ஒற்றைச் சம்பளம். அவள் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவாள்.

"எந்த மடையன் இதை டைப் அடிக்கறான்னு தெரியல. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு அடிக்க மாட்டானா?" என்று அவன் சாப்பாட்டு வேளையில் புலம்புவான்.

"விடுங்க, அவங்களுக்கு என்ன கஷ்டமோ," என்பாள் அவள், மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே. "எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். ஒரு கட்டு பேப்பரைக் கொடுத்து அடின்னா அடிக்கறோம். யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க."

இதெல்லாம் அவன் காதில் ஏறாது. பாதிப் பேச்சிலேயே எழுந்துபோய்ச் செருப்புகளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். துணி தேய்க்கிற மேஜையில், மடித்த துணிகளைத் தள்ளிவிட்டுத்தான் அவன் கடை நடத்தினான்.

போன வாரம் பொறுமை இழந்து செருப்புக் கடைக்கே போன் போட்டுவிட்டான். அந்த நேரம் வீட்டில் யாரும் இல்லை. நீங்கள் பேசுவது பதிவாகும் என்று முதலில் ஒரு குரல் சொன்னது. பதிவாகட்டுமே என்று இன்னும் சத்தமாகவே பேசினான்.

இன்று செருப்புகள் நேராக வந்து இறங்கியதோடு, கடையிலிருந்தும் போன் வந்தது. "அந்த டைப் அடிக்கற வேலையை நாங்க வெளியில ஒரு ஆபீஸுக்குக் கொடுத்திருந்தோம் சார். வேற ஆளை வச்சு எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம். தப்பு பண்ணினவங்களை நிறுத்தச் சொல்லியாச்சு. சிரமத்துக்கு மன்னிக்கணும்," என்றார் ஒருவர். மன்னித்துவிட்டான்.

மதியம் கதவு திறந்தது. மனைவி வந்தாள். அவள் வருகிற நேரமில்லை அது. அவனுக்கு இருந்த குஷியில் ஏன் வந்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

"வா வா! இங்க வந்து பாரு, ஃபீட் கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு தப்பு கண்டுபிடி பார்ப்போம்! இனிமே நமக்கு நல்ல காலந்தான். நீ ரெண்டு ஷிப்ட் பார்க்கவே வேண்டாம்."

அவள் வந்து பார்க்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலை ஒட்டிய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"எப்படிச் சரியாச்சு?" என்று கேட்டாள்.

"சும்மாவா? போன்ல ஒரு பிடி பிடிச்சேன். அரைத்தூக்கத்துல அடிக்கற ஆளையெல்லாம் வச்சுக்கிட்டிருந்தா உங்க கடை உருப்படுமான்னு கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டேன். ஆளைத் தூக்கிட்டாங்க."

"பாவமா இல்லையா உங்களுக்கு?"

"பாவ புண்ணியம் பார்த்தா பிழைக்க முடியுமா? ஊரெல்லாம் திட்டு வாங்கினது நான்தானே?"

அவனைத் திட்டக்கூட அவளிடம் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

"தூக்கம் வந்தா வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும், வீட்டுல இருக்கறவங்க சம்பாதிச்சுப் போடட்டும்னும் சொன்னீங்க இல்ல?"

"பின்னே? சொன்னேன்," என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

"காலைல எங்க ஆபீஸ்ல, என்னை எழுப்பி நிக்க வச்சு, உங்க குரலைத்தான் போட்டுக் காட்டினாங்க."