மூன்றாவது எஸ்டிமேட்

"எஸ்டிமேட்ட ரெண்டாவது தடவையும் திருப்பிக் குடுத்துட்டாளா?" சுலோசனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ம். இந்தக் கணக்கு சரிவராது, வேற எழுதிட்டு வாங்கன்னாங்க. அதுக்குள்ள மீன் வாங்க ஆள் வந்துட்டாங்க," என்றான் அவள் கணவன் அன்பழகன்.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் ஜெயசித்ராவின் வீட்டு மொட்டை மாடி ஒழுகுகிறது. தளத்தைக் கொத்திவிட்டுத் தட்டையான தட்டோடுகளைப் பதிக்க வேண்டும். முதலில் அறுபத்தெட்டாயிரம் எழுதினான். பிறகு அறுபத்தைந்து.

"மீன் வாங்குறவங்ககிட்ட ஒத்த ரூபா கொறைக்க மாட்டா. நம்மள மட்டும் உரிச்சி எடுக்கறா."

அன்பழகன் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்து நாலு வருஷம். வேலைக்குப் பஞ்சமில்லை, கையில்தான் எதுவும் நிற்பதில்லை. இதுவும் கைநழுவினால் தட்டாஞ்சாவடி கம்பெனி ஒன்றில் வாட்ச்மேனாகப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான்.

அறுபத்திரண்டாயிரம் என்று எழுதிக்கொண்டு மூன்றாவது தடவை போனான். அதற்குக் கீழே குறைக்க அவனிடம் ஒன்றுமில்லை.

ஜெயசித்ரா கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டில் இருந்தாள். தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"இன்னும் கொறைச்சிட்டு வந்திருக்கீங்களே. நான் கொறைக்கவா சொன்னேன்?"

அன்பழகனுக்குப் புரியவில்லை.

"சிமெண்டு இருக்குது. தட்டோடு இருக்குது. மேஸ்திரி கூலி, சித்தாள் கூலி, வண்டி வாடகைகூட இருக்குது. உங்க கூலி எங்க, அண்ணா?"

"மிஞ்சறதுதாம்மா எனக்கு."

"மிஞ்சுதா?"

நாலு வருஷத்தில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. அவனே கேட்டுக்கொண்டதில்லை.

"ஏலத்துல ஒரு கூடை மீன் எடுத்தா, ஐஸு, ஆட்டோ, வெயில்ல கெட்டுப்போற நாலு மீனு, என் கூலி, எல்லாத்தையும் ஏத்திட்டுதான் நான் வெல சொல்லுவேன். பாதி வேலையில உங்க கைக்காசு தீந்துபோச்சுன்னா என்னா பண்ணுவீங்க? அப்புறம் என் தலைமேலதான ஒழுகும். பத்து நாள் வெயில்ல நிக்கப் போறீங்க, அத எழுதுங்க. அந்த மொத எஸ்டிமேட்டுலயே சேத்துடுங்க."

பேனாவையும் அவளே கொடுத்தாள்.

அறுபத்தெட்டோடு தன் கூலி பதினைந்தைக் கூட்டினான். எண்பத்து மூன்றாயிரம். பேரத்துக்குப் பேர்போனவள் பக்கத்தில் நின்று விலையை ஏற்றச் சொல்கிறாள். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

ஜெயசித்ரா தாளை இன்னொரு முறை படித்தாள்.

"இப்பதான் கணக்கு சரி. இனிமே பேரம் பேசலாம். ரெண்டாயிரம் கொறைங்க," என்றாள்.

அன்பழகன் பேனாவை எடுத்தான். அவள் சட்டென்று தாளின்மேல் கை வைத்தாள்.

"உங்க கூலில இல்லண்ணா. சிமெண்டுக் கடையில பேசிக் கொறைங்க."